எட்டாம் நம்பர் தொட்டி

என் மச்சினனை இந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வேறு யாரும் இதைச் சொல்லப்போவதில்லை.

வேலை இதுதான். பாலைவனத்தில் ஒரு பெரிய நிலத்தைக் காட்டு விலங்குகளுக்கென்று எல்லைக்கல் நட்டு விட்டிருக்கிறார்கள். ஆறு கிடையாது, ஊற்று கிடையாது. இருந்த இரண்டு குட்டைகளும் எனக்கு மீசை முளைக்கும் முன்பே வற்றிப்போயின. அதனால் பன்னிரண்டு இடங்களில் சிமெண்டுத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் பின்னால், முப்பது நாற்பது காலடி தள்ளி, மேட்டில் ஒரு கறுப்பு டேங்க். மாதம் ஒருமுறை லாரி வந்து அதை நிரப்பும். டேங்கிலிருந்து ஒரு குழாய், குழாயில் ஒரு வால்வு, தொட்டியில் ஒரு மிதவை. விலங்குகள் குடிக்கக் குடிக்க மிதவை இறங்கும், தண்ணீர் தானாக வந்து நிரம்பும்.

தானாக வந்து நிரம்புகிறதே, உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களை ஒருநாள் வெயிலில் பாசி தேய்க்க விட்டால் தெரியும். பாசி பிடிக்கும். தேனீக்கள் விழுந்து செத்து மிதவையில் அடைத்துக்கொள்ளும். தவறி விழுந்த குருவியும் ஓணானும் ஏறிவர ஒரு பக்கம் சரிவாகக் கல் அடுக்கியிருப்போம், அதில் வழுக்கல் இருக்கக் கூடாது. நான்கு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு தொட்டிக்கும் போக வேண்டும்.

போனால் அட்டை எழுத வேண்டும். வால்வுக்கு ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் ஓர் அட்டை, கயிற்றில் கட்டிய பென்சில். பெட்டியைத் திறந்தவன் யாராக இருந்தாலும் தேதி, நேரம், செய்த வேலை, காரணம், கையெழுத்து என்று ஐந்து கட்டங்களையும் நிரப்ப வேண்டும். வழக்கமான வேலை என்றால் காரணம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும். பதினாலு வருஷத்தில் நான் ஒரு வரி விட்டதில்லை. ஆபீஸுக்குப் புதிதாக யார் வந்தாலும் என் அட்டையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மச்சினனுக்கும் முதல் நாளே சொன்னேன்.

"மாப்ள, பெட்டியைத் திறந்தா கை தானா பென்சிலுக்குப் போகணும். அட்டை எழுதாம பெட்டியை மூடாத. எழுதின அட்டையைக் கிழிக்காத. இந்த ரெண்டுதான் நம்ம வேலையில சாமி."

"சரி மாமா," என்று சொல்லிவிட்டு விசிலடித்தான்.

எதற்கெடுத்தாலும் விசில். குளித்தால் விசில், சட்டை மாட்டினால் விசில், டீ ஆறும்வரை விசில். ஆபீஸில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. ரேஞ்சர் மேடம்கூட "விசில் எங்கே?" என்றுதான் கேட்பார். எனக்கு இரண்டு முன்பற்கள் போய் வருஷமாகிறது. எனக்கு வாயில் காற்றுதான் வரும்.

அவன் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். இரண்டே அறை. முன்னறையில் மடக்குக் கட்டில் போட்டுப் படுப்பான். என் மனைவிக்கு அவன் தம்பி மட்டுமல்ல, கிட்டத்தட்ட முதல் பிள்ளை. அம்மா இல்லாமல் தூக்கி வளர்த்தவள். அதனால் அவள் அவனைக் கொஞ்சுவதைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை. காலையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி டப்பாவில் சாப்பாடு கட்டுவாள். மூடியைத் திறந்து பார்த்தால் எனக்கு ஒரு முட்டை இருக்கும். அவனுக்கு இரண்டு. வளர்கிற பையனாம். முப்பத்தொரு வயதில் எந்தப் பக்கம் வளர்கிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு முட்டையும் போயிருக்கும்.

தொட்டிகளை எங்கள் இருவருக்கும் பிரித்தபோது பிரிக்கச் சொன்னது என்னைத்தான். ஒன்று முதல் ஆறு எனக்கு, ஏழு முதல் பன்னிரண்டு அவனுக்கு என்று எழுதிக்கொடுத்தேன். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எட்டாம் நம்பர் இருக்கிறதே, அது பன்னிரண்டிலும் கேடுகெட்டது. பைக் பாதியில் நின்றுவிடும், அதன் பிறகு பாறையில் நடை. ஆறு வருஷமாக அங்கே கௌதாரியையும் நரியையும் தவிர எதுவும் தண்ணீர் குடித்ததில்லை. அதை அவன் தலையில் கட்டியதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அந்த எட்டாம் நம்பருக்குத்தான் காட்டுக் கழுதைகள் வந்தன.

கழுதை என்று சொன்னதும் பூரித்துப்போகும் ஒரே ஆபீஸ் எங்களுடையதாகத்தான் இருக்கும். இந்தப் பாலைவனத்தில் அவை அழிந்துவிட்டன என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். ஒவ்வொரு தொட்டிக்கும் முன்னால் கம்பத்தில் ஒரு கேமரா இருக்கிறது. எது அசைந்தாலும் படம் எடுக்கும். போன கோடையில் எட்டாம் நம்பர் கேமராவில், வெளிறிய மண் நிறத்தில், முதுகில் ஒரு கறுப்புக் கோடோடு ஆறு கழுதைகள் வரிசையாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ரேஞ்சர் மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்தப் படம் சட்டம் போட்டு அவர் அறையில் மாட்டப்பட்டது. மேலதிகாரிகள் வந்தார்கள். மச்சினன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். பதினாலு வருஷமாக நான் தேய்த்த பாசியைக் குவித்தால் ஒரு மலை தேறும். என் தோளில் உட்கார்ந்தது ஈ மட்டும்தான்.

"விசிலுக்குத்தான் மாமா வருதுங்க," என்று அவன் வீட்டில் சொன்னான். "தொட்டிக்குக் கொஞ்ச தூரம் இருக்கறப்பவே விசிலடிச்சுக்கிட்டே போவேன். நான்தான்னு தெரிஞ்சுக்கும். ஓடாது. நான் தேய்ச்சு முடிக்கிற வரைக்கும் அங்கயே நிக்கும்."

"என் தம்பிக்குக் கழுதைகூட மயங்குது பாருங்க," என்றாள் என் மனைவி.

"சொந்தம்னு நெனச்சிருக்கும்," என்றேன்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. மறுநாள் அந்தப் படத்தின் நகல் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகும்போதெல்லாம் ஆறு கழுதைகளின் முகத்தில் நான் விழிக்க வேண்டியிருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் எழுந்து அவன் விசிலைக் கேட்டால் எரியும், ஆபீஸில் "உங்க மச்சினன் கில்லாடி சார்" என்று யாராவது சொன்னால் எரியும், அவன் தண்ணீர்க் குடத்தை அக்காவின் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தால் அதற்கும் எரியும். அவன் கெட்டவனாக இருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் நல்லவனாக இருந்து தொலைத்தான்.

இந்தக் கோடை தொடங்கியதும் ரேஞ்சர் மேடம் எங்களைக் கூப்பிட்டார். அவர் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கம்ப்யூட்டரில் புலி, பாலைவனத்துக்குப் புதுசு. தொட்டிகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு கள மேற்பார்வையாளர் பதவி வந்திருக்கிறது, நிரந்தர வேலை, அத்துடன் ஆபீஸ் வளாகத்தில் குடியிருப்பு என்றார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான். எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணு. அதனால கேமராகிட்ட விட்டுடறேன். மாசக் கடைசி வரைக்கும் யாரோட தொட்டியில படம் அதிகமோ, அவங்களுக்கு."

அந்தக் குடியிருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் ஒரு மணி நேரம். ஊரிலிருக்கிற நரிக்கும் முயலுக்கும் தண்ணீர் காட்டுகிறவனின் மனைவி, குடத்தோடு வரிசையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வீடு வேண்டும். அவளுக்கு ஒரு குழாயைத் திறந்து காட்டி, "பார்த்தியா, நான் வாங்கிக் கொடுத்தது" என்று சொல்ல வேண்டும்.

அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"யாருக்குக் கெடைச்சா என்ன? தம்பிக்குக் கெடைச்சாலும் நாமதானே போய் இருக்கப்போறோம்."

"தம்பிக்குக் கெடைச்சாலும்" என்று சொன்னாளே தவிர, எனக்குக் கிடைத்தால் என்று அவள் வாயில் வரவே இல்லை. அவள் கணக்கில் முடிவு ஏற்கெனவே வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் ஆபீஸ் பலகையில் பார்த்தேன். என் ஆறு தொட்டிகளும் சேர்ந்து அவனுடைய ஆறுக்குக் கொஞ்சம்தான் பின்னால் இருந்தன. அந்தக் கழுதைகள் மட்டும் இடம் மாறினால் போதும். என் ஐந்தாம் நம்பர் எட்டிலிருந்து ஒரு மணி நேர நடை. கழுதைக்கு அது ஒரு தூரமா? எட்டில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லையென்றால், ஐந்துக்கு வந்துதானே ஆக வேண்டும்? ஒருமுறை வந்து ருசி கண்டுவிட்டால் அப்புறம் என் தொட்டிதான். யாருக்கும் நஷ்டமில்லை. இப்படித்தான் நினைத்தேன்.

அவன் எட்டாம் நம்பரைத் தேய்த்துவிட்டு ஒன்பதுக்குக் கிளம்பிய ஒரு காலையில் நான் போனேன். கேமரா தொட்டியைப் பார்த்து நிற்கிறது, வால்வுப் பெட்டி மேட்டில், டேங்கின் மறைவில். மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போனால் கேமராவில் விழ மாட்டேன். பெட்டியைத் திறந்தேன். சக்கரத்தைத் திருகி வால்வை மூடினேன். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, பெட்டியை மூடி, மேலே கல்லை வைத்துவிட்டு வந்தேன். தொட்டியில் இருக்கிற தண்ணீர் அன்று மாலை வரை வரும். மூன்றாம் நாள் காலையில் வந்து திறந்துவிடலாம். ஐந்தாம் நாள்தான் அவன் முறை. திட்டத்தில் ஓட்டையே இல்லை.

இரண்டாம் நாள் மதியம் மணல்காற்று ஆரம்பித்தது. சாதாரணக் காற்று இல்லை. ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, அதையும் மீறிச் சோற்றில் மணல் கடித்தது. எந்த வண்டியும் வெளியே போகக் கூடாது என்று ஆபீஸிலிருந்து உத்தரவு. மூன்றாம் நாளும் காற்று. நான்காம் நாளும் காற்று. நான் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"தொட்டியெல்லாம் மண்ணு மூடியிருக்கும்னு கவலைப்படறாரு," என்றாள் மனைவி தம்பியிடம். "ரெண்டு பேரும் வேலைன்னா உசுரை விடுவீங்க."

அவன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "எட்டுல ஒரு குட்டி போட்டிருக்குக்கா. பத்து நாள்தான் இருக்கும். காலெல்லாம் குச்சி மாதிரி. இந்தக் காத்துல என்ன பண்ணுதோ."

குட்டி இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூடியிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. எனக்கே நிச்சயமில்லை.

ஐந்தாம் நாள் காலை காற்று அடங்கியது. நான் எழுந்தபோது மடக்குக் கட்டில் மடக்கியிருந்தது. விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போய்விட்டான். நான் பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். பாறை தொடங்கும் இடத்தில் அவன் பைக் நின்றது. அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

அன்று அவன் தாமதமாக வந்தான். நகக்கண்ணெல்லாம் மண். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"எட்டு எப்படி இருக்கு மாப்ள?" என்று கேட்டேன்.

"வால்வு மூடியிருந்துச்சு மாமா. தெறந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மணல்காற்றில் வால்வு எப்படி மூடும் என்று கேட்கவும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுவதும் வீட்டில் ஏதோ ஒரு சுகம் இருந்தது. என்னவென்று இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. அவன் விசிலடிப்பதை நிறுத்தியிருந்தான். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

மாதக் கடைசியில் கூட்டம். நாங்கள் இருவர், லாரி டிரைவர், ஸ்டோர் கீப்பர், இன்னும் நாலைந்து பேர். ரேஞ்சர் மேடம் கம்ப்யூட்டரைச் சுவரில் போட்டுக் காட்டினார். என் ஐந்தாம் நம்பரில் ஒரு கழுதைகூட இல்லை. எப்போதும்போல நரி, முயல், கௌதாரி. பிறகு எட்டாம் நம்பரைப் போட்டார். எண்ணைப் பார்த்ததும் ஸ்டோர் கீப்பர் "அடேயப்பா" என்றார். மாதம் முழுவதும் மற்ற எல்லாத் தொட்டிகளிலும் சேர்ந்து எடுத்ததைவிட, எட்டாம் நம்பரில் மூன்றே நாளில் எடுத்த படங்கள் அதிகம். அந்த மூன்று நாள்.

"பாருங்க," என்றார் மேடம். "மணல்காத்து அடிக்குது, அப்பகூட எடத்தை விட்டு நகரல. காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் நிக்குதுங்க. இந்தத் தொட்டியை அதுங்க வீடாவே நெனச்சுக்கிச்சு."

படங்கள் ஓடின. புழுதியில் கழுதைகள் தொட்டியைச் சுற்றி நின்றன. நின்றுகொண்டே இருந்தன. கேமரா தாழ்வாக இருப்பதால் தொட்டியின் விளிம்பு மட்டும்தான் தெரியும், உள்ளே தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்தது. என் ஏழாவது வருஷத்தில் இரண்டாம் நம்பர் மிதவை உடைந்து தொட்டி காய்ந்தபோது, கௌதாரிகள் வேறு தொட்டிக்குப் போகவில்லை. நேற்று இருந்த தண்ணீர் இன்றும் வரும் என்று விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தன. நானே இதை அட்டையில் எழுதியிருக்கிறேன். நானே இதை மறந்தேன். ஒரு கழுதையும் ஐந்தாம் நம்பருக்குக் கிளம்பவில்லை. வராத தண்ணீருக்காக நின்று, நின்று, அசைந்து, ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு படமாக என் மச்சினனை ஜெயிக்க வைத்திருந்தன.

கடைசிப் படங்களில் ஒன்றில் மேடம் நிறுத்தினார். தாயின் காலடியில் குட்டி.

"குட்டி எவ்வளவு நிம்மதியா படுத்திருக்கு பாருங்க."

அதற்கு முந்தைய படத்திலும் குட்டி அதே இடத்தில், அதே மாதிரிதான் படுத்திருந்தது. தாய் மட்டும் தலையைத் திருப்பியிருந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். மச்சினன் எழுந்தான். "மேடம், அந்த மூணு நாளைக் கணக்குல சேர்க்காதீங்க. அது வேணாம்."

"ஏன்?"

"வேணாம் மேடம்."

"எவ்வளவு அடக்கம் பாருங்க," என்றார் மேடம். கைதட்டல் இன்னும் பலமானது.

குட்டியைப் பார்த்து மனம் கரைந்து நான் எழுந்தேன் என்று எழுதினால் என் மேல் உங்களுக்குக் கொஞ்சம் மரியாதை வரும். உண்மை அதுவல்ல. குட்டியைப் பார்த்தும் நான் உட்கார்ந்தேதான் இருந்தேன். அந்தக் கைதட்டல்தான் என்னை எழுப்பியது.

"மேடம், அந்தப் படத்துல தண்ணியே இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"குடிக்கிற கழுதை குனியும். கழுத்து நீளும். இதுல ஒண்ணாவது குனிஞ்சிருக்கா பாருங்க. சும்மா நிக்குது. தொட்டி காஞ்சு கெடக்கு. குட்டி தூங்கல, செத்துக் கெடக்கு. தொட்டியைக் காயப் போட்டவனுக்கா மேற்பார்வையாளர் வேலை?"

மேடம் படத்தை மறுபடி பார்த்தார். முன்னால் ஓட்டினார், பின்னால் ஓட்டினார். அவர் முகம் மாறியது.

"விசில், தொட்டி காஞ்சுதா?"

"ஆமா மேடம். குட்டியை நான்தான் பொதைச்சேன்."

"எப்படிக் காஞ்சுது?"

"வால்வு... சிக்கிக்கிச்சு மேடம்."

"அட்டையில எழுதினீங்களா?"

"அட்டை நனைஞ்சு போச்சு. வேற வெச்சுட்டேன்."

"தொட்டியே காஞ்சு கெடக்கறப்ப அட்டை எப்படிப்பா நனையும்?" என்றார் ஸ்டோர் கீப்பர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மச்சினன் கை, தானாக, சட்டைப் பைக்குப் போனது. பையின் வாயில் பிளாஸ்டிக் உறையின் முனை தெரிந்தது. அதைப் பார்த்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. சக்கரத்தைத் திருகியதும் நான் என்ன செய்தேன்? செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். பெட்டியைத் திறந்தால் கை தானாகப் பென்சிலுக்குப் போகும். பதினாலு வருஷக் கை. போயிருக்கிறது. எழுதியிருக்கிறது. எனக்கே தெரியாமல் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவனுக்கு இத்தனை நாளும் தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, அக்காவுக்குக் குடம் தூக்கிக்கொண்டு, இதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். பழி அவன் மேல், வேலை எனக்கு, குழாய் என் மனைவிக்கு. அவன் என்னைப் பார்த்தான். உட்காருங்க மாமா என்பதுபோல ஒரு பார்வை. அதில் கோபம்கூட இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கழுதை அவனுக்கு, கைதட்டல் அவனுக்கு, இரண்டு முட்டை அவனுக்கு. இப்போது என்னைக் காப்பாற்றிய பெருந்தன்மையும் அவனுக்கா? ஆயுசு முழுக்க நான் அவன் போட்ட பிச்சையில் அந்த வீட்டுக் குழாயைத் திறக்க வேண்டுமா?

"அட்டை அவன் பைக்குள்ள இருக்கு மேடம்," என்றேன். "வாங்கிப் படிங்க. சத்தமாப் படிங்க."

அவன் தர மறுத்தான். மேடம் கையை நீட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் தந்தான்.

"தேதி, நேரம் போட்டிருக்கு. வேலை, வால்வு முழுவதும் மூடப்பட்டது. காரணம்..." மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கோடு போட்டிருக்கீங்க. கையெழுத்து உங்களோடது."

யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டேன். "ஏண்டா வெச்சிருந்த? கிழிச்சுப் போட்டிருக்கலாம்ல?"

"அட்டையைக் கிழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க."

அன்று மாலை மனைவியிடம் நானே சொன்னேன். அவன் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம்தான், வேறென்ன. அவள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று.

"குட்டிக்கு எத்தனை நாள் இருக்கும்னு சொன்னான்?"

"பத்து நாள்."

எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். அன்று தண்ணீர் வரும் நாள் இல்லை.

மேற்பார்வையாளர் வேலை அவனுக்குத்தான் போனது. என்னை வேலையை விட்டே அனுப்பப் பார்த்தார்கள். கோடையில் கை குறையும், மாமாவைவிடத் தொட்டி தெரிந்தவர் யாருமில்லை என்று அவன் பேசி நிறுத்தினானாம். மேடம் ஒரே ஒரு தண்டனை கொடுத்தார். மழை வரும்வரை, என் ஆறோடு எட்டாம் நம்பரையும் நான்தான் பார்க்க வேண்டும். அதுவும் தினமும். அவன் குடியிருப்புக்குப் போய்விட்டான். என் மனைவி வரிசையில் நிற்பதில்லை. தம்பி வீட்டுக் குழாயிலிருந்து காலையில் இரண்டு குடம் கொண்டு வருகிறாள். அந்தத் தண்ணீரைத்தான் நான் குடிக்கிறேன். தொண்டையில் இறங்குகிறது, என்ன செய்ய. டப்பாவில் இப்போது எனக்கு இரண்டு முட்டை வைக்கிறாள். அவனுக்குக் கட்டவேண்டிய டப்பா இல்லை என்பதால், அவன் முட்டையில் ஒன்று இதில் விழுகிறது. என்னிடம் தேவையானதை மட்டும் பேசுகிறாள்.

எட்டாம் நம்பரில் கழுதைகள் தூரத்தில் நிற்கின்றன. நான் இருக்கும்வரை கிட்டே வருவதில்லை. ஒருநாள் அவனிடம் வாய்விட்டே கேட்டேன்.

"ஒருதரம் வந்து விசிலடிச்சுக் குடுத்துட்டுப் போயேன் மாப்ள."

"இப்ப வரமாட்டேங்குது மாமா," என்றான். "வாயைக் குவிச்சா காத்துதான் வருது."

நேற்று நானே முயன்றேன். பாறை தொடங்கும் இடத்திலிருந்து, பல் போன வாயைக் குவித்து ஊதிக்கொண்டே போனேன். அடுப்பு ஊதுகிற சத்தம். ஆனாலும் தாய்க் கழுதையின் காது நிமிர்ந்தது. இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். நான் அசையாமல் நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காட்டுக் கழுதை என்னை நோக்கி வருகிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். அவனைத் தேடினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், அவன் குட்டியைப் புதைத்து மேலே கல் அடுக்கிய இடத்தில் நின்றுகொண்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும்.

தொட்டியைத் தேய்த்தேன். மிதவையைப் பார்த்தேன். பெட்டியைத் திறந்ததும் கை தானாகப் பென்சிலுக்குப் போனது. தேதி, நேரம் எழுதினேன். வால்வு முழுவதும் திறந்திருக்கிறது, தொட்டி நிறையத் தண்ணீர், கழுதைகள் குடிக்க வரவில்லை என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் வழக்கம்போலக் கோடு போடப் போன கையைப் பிடித்து நிறுத்தி, 'நான்' என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவை குடிக்கட்டும் என்று சீக்கிரமாகக் கிளம்பினேன்.